கேட்காமல் வரும் பாட்டு: பொது வானொலியும் ஜெர்மன் இசைக் குழுக்களும்

தனக்குப் பிடித்த பாட்டை ஒருவன் தேடிப் போவது ஒரு காரியம். தனக்குப் பிடிக்கும் என்று தானே அறிந்திராத பாட்டு அவன் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்வது முற்றிலும் வேறொரு காரியம். முன்னதற்குக் கடையும் காசும், இக்காலத்தில் ஒரு கைப்பேசியும் போதும். பின்னதற்கோ, முகமறியாத நேயர்களுக்காக இரவு நேரத்தில் ஒலிபரப்பறையில் அமர்ந்து இசைத்தட்டுகளைப் பொறுக்கி எடுக்கும் ஒரு மனிதர் வேண்டும். எத்தனை பேர் கேட்டார்கள் என்று மறுநாள் காலையில் அவரிடம் கணக்குக் கேளாத ஒரு ஸ்தாபனமும் வேண்டும். ஐரோப்பாவில் அந்த ஸ்தாபனத்துக்குப் பொது வானொலி என்று பெயர். ஆங்கிலப் பாட்டின் பேராதிக்கத்தையும், சொந்த பாஷையில் பாடுவதில் தம் நாட்டாருக்கே இருந்த கூச்சத்தையும் கடந்து, ஜெர்மன் இசைக் குழுக்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் செவிகளை எட்டிய வரலாற்றில் இந்த ஸ்தாபனம் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

ஜெர்மனியில் வானொலி, 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி பெர்லின் நகரத்து வாக்ஸ் மாளிகையிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அது நாஜிகளின் வாயாயிற்று. மலிவு விலையில் வீடுதோறும் பெட்டிகளை வாங்கச் செய்து, 1935-இல் ஜாஸ் சங்கீதத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கி, 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டதும் அந்நிய நிலையங்களைக் கேட்பதையே தண்டனைக்குரிய குற்றமாக்கிய அந்த அரசாங்கம், ஒரு தேசத்தின் காதுகளை எப்படி அடைத்துவிடலாம் என்பதற்கு உலகம் மறவாத உதாரணம் ஆகிவிட்டது. ஆகவே, யுத்தத்துக்குப் பின் நேச நாட்டார் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, வானொலியை எவர் ஒருவர் கையிலும் முழுதாக ஒப்படைக்காமல் இருந்தது. பிரிட்டிஷார் வசமிருந்த வடமேற்குப் பகுதியில் அதனைப் புனர்நிர்மாணம் செய்ய ஹாம்பர்க் நகருக்கு வந்தவர் ஹியூ கிரீன். நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் தம்பி, பின்னாளில் பி.பி.சி.யின் தலைமைப் பதவியை வகித்தவர். அரசாங்கத்துக்கும் அடங்காமல், விளம்பரக்காரருக்கும் விலைபோகாமல் நிற்கும் பி.பி.சி. மாதிரியை அவர் அங்கே ஊன்றினார். 1950-இல் பிராந்திய நிலையங்கள் ஏ.ஆர்.டி. என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்தன. ஒலிபரப்பு மத்திய அரசாங்கத்துக்கன்று, மாநிலங்களுக்கே உரியது என்று 1961-இல் அரசியல் சட்ட நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அரசியல் காரணத்துக்காகச் செய்யப்பட்ட இந்தப் பிரிவினை, சங்கீதத்துக்கு எதிர்பாராத உபகாரமாக முடிந்தது: கொலோன், மியூனிக், பிரெமன், ஹாம்பர்க் என்று ஊருக்கொரு நிலையமும் நிலையத்துக்கொரு ருசியும் அமைந்தமையால், ஓரிடத்தில் ஒதுக்கப்பட்ட இசைத்தட்டு இன்னோரிடத்தில் சுழல வழி பிறந்தது.

இதற்கான பணம் மக்களுடையது. பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடும்பம் ஒவ்வொன்றும் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. 2021 முதல் அது மாதம் 18.36 யூரோ. ஆண்டுக்கு 800 கோடி யூரோவுக்கு மேல் திரளும் இந்தப் பெருந்தொகையில் பெரும்பங்கு தொலைக்காட்சிக்கே போய்விடுகிறது. எவரும் கேள்விப்படாத ஒரு குழுவின் பாட்டை இரவு பதினொரு மணிக்கு ஒலிபரப்ப ஆகும் செலவு அதில் கடுகளவு. நம் கவனம் அந்தக் கடுகின் காரத்தைப் பற்றியதே.

கொலோன் நகரத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். அங்கிருந்த நிலையத்தில் ஹெர்பர்ட் ஐமர்ட் என்பவர் 1948 முதல், நவீன சங்கீதத்துக்கென்று ஓர் இரவு நிகழ்ச்சியை நடத்தி வந்தார். ஊர் உறங்கிய பின் ஒலித்த அந்நிகழ்ச்சியின் நேயர்கள் சொற்பமே. ஆயினும், அதன் தொடர்ச்சியாக 1951-இல் நிலையத்துக்குள்ளேயே ஒரு மின்னணு இசைக்கூடம் பிறந்தது. அங்கே வாத்தியங்கள் என்று நாம் சொல்லத்தக்கவை சொற்பமே. ஒலிபரப்பு இயந்திரங்களைச் சோதிக்கப் பொறியாளர்கள் வைத்திருந்த அலையியற்றிகளும் வடிப்பான்களும் நாடாப்பதிவுக் கருவிகளுமே முக்கியமாக இருந்தன. நாடாவில் பதிந்த ஒலியைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து, வெட்டி, ஒட்டி, மறுபடி ஓடவிட்டுக் கேட்டு, சில விநாடிச் சங்கீதத்துக்காக நாட்கணக்கில் உழைத்தார்கள். 1956-இல் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன், ஒரு சிறுவனின் குரலை மின்னொலிகளோடு கரைத்துச் செய்த ஆக்கத்தை, அந்நிலையத்தின் அரங்கில் ஐந்து ஒலிபெருக்கித் தொகுதிகள் வழியே கேட்கச் செய்தார். வர்த்தக நோக்குள்ள எந்த முதலாளியும் இதற்குச் சல்லிக்காசு கொடுத்திருக்க மாட்டார்.

அந்த ஸ்டாக்ஹவுசனிடம் பயின்ற இர்மின் ஷ்மிட், ஹோல்கர் சுகாய் இருவரும் சேர்ந்து 1968-இல் அதே கொலோனில் அமைத்த குழுவே ‘கான்’. வானொலி நிலையம் வளர்த்த விந்தைச் செவியோடு ராக் சங்கீதத்துக்குள் நுழைந்த இந்தக் குழுவுக்குப் பொது ஒலிபரப்பு இரண்டாம் முறையும் உதவிற்று: அவர்களுடைய ‘ஸ்பூன்’ என்ற பாட்டு ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் தொடருக்கு முகப்பிசையாக அமர்ந்து, 1972-இல் ஜெர்மன் விற்பனை வரிசையில் ஆறாம் இடம் வரை ஏறிற்று. சுகாய் பட்ட கடனைத் திருப்பிச் செலுத்திய விதம் இன்னும் ரசமானது. சிற்றலை வானொலிப் பெட்டியையே அவர் வாத்தியமாக்கிக்கொண்டார். முள்ளைத் திருப்பத் திருப்ப இரைச்சலுக்கிடையில் அகப்படும் குரல்களை நாடாவில் பிடித்து, தம் கிதாரையும் தாளத்தையும் அவற்றின் அடியில் விரித்தார். 1979-இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டில் உள்ள ‘பெர்ஷியன் லவ்’ என்ற பாட்டில் பாடுகிற பாரசீகப் பாடகர்கள் அவ்விதம் காற்றில் வந்து சிக்கியவர்களே. வானொலியால் புதுச் சங்கீதம் கண்டடைவது என்ற செயல், அங்கே சங்கீதமாகவே உருமாறி நிற்கிறது.

கொலோனுக்கு அண்டையிலுள்ள டியூசெல்டார்ஃப் நகரத்தில், அதே நிலையத்தின் இரவு நேர மின்னணு இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ரால்ஃப் ஹியூட்டரும் ஃப்ளோரியான் ஷ்னைடரும். 1970-இல் அவர்கள் தொடங்கிய ‘கிராஃப்ட்வெர்க்’ குழுவின் ‘ஆட்டோபான்’, கார்க் கதவு சாத்தப்படும் ஓசையோடும் இயந்திரம் உறுமிக் கிளம்பும் ஓசையோடும் தொடங்கி, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு இருபத்திரண்டு நிமிஷங்களுக்கு மேல் ஓடுகிறது. அமெரிக்க நிலையங்களுக்காக அதனைச் சுமார் மூன்று நிமிஷமாகக் கத்தரித்தார்கள். 1975-இல் அந்தத் துண்டு, ஜெர்மன் வார்த்தைகளோடேயே, அமெரிக்க விற்பனை வரிசையில் இருபத்தைந்தாம் இடத்தைப் பிடித்தது. அடுத்து அவர்கள் செய்த முழு இசைத்தட்டுக்கு வானொலியே பொருள். அதன் உறையில் நாஜிகள் காலத்து மலிவுப் பெட்டியின் படம். தகப்பனார் காலத்தில் பொய் பேசிய பெட்டியைப் பிள்ளைகள் உறையில் அச்சிட்டதில் உள்ள குத்தலை ஜெர்மானியர் எவரும் கவனியாமல் விட்டிருக்க முடியாது.

இவ்வளவும் நடந்தபோது, பாட்டில் ஜெர்மன் பாஷைக்கு மதிப்பு இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்லவேண்டும். ‘கான்’ குழுவின் பாடகர்களுள் ஒருவர் அமெரிக்கர், மற்றவர் ஜப்பானியர். யுத்தத்துக்குப் பின் பிறந்த தலைமுறைக்குத் தாய்மொழிப் பாட்டு என்றால் தகப்பன்மாரின் சாராயக்கடைப் பாட்டு, ஆங்கிலமே விடுதலை. 1973-இல் உடோ லிண்டன்பெர்க் பேச்சுவழக்கு ஜெர்மனில் ராக் பாடி ஜனங்களைக் கவர்ந்தது வரை, அந்தப் பாஷையில் அது இயலாத காரியம் என்ற அபிப்பிராயமே பரவியிருந்தது. பெர்லின் தெருக்களின் கோபத்தை ஜெர்மனில் பாடிய ‘டோன் ஸ்டைனே ஷெர்பன்’ குழுவினர், இசைத்தட்டு வெளியீட்டையும் தாங்களே ஏற்று நடத்தினார்கள். அவர்கள் பாட்டு வானொலியைவிடக் கூட்டங்களின் வழியாகவே பரவியது. இந்த இடத்தில் பொது வானொலி தன் கடமையில் தவறிற்று என்பதே என் கருத்து.

உள்ளூர் மாடு விலைபோகாது என்பது ரைன் நதிக்கரைக்கும் பொருந்தும். ஜெர்மன் குழுக்களின் அருமையை உரக்கச் சொன்னவர் ஓர் ஆங்கிலேய அறிவிப்பாளர். 1967-இல் பி.பி.சி.யின் முதலாம் அலைவரிசை தொடங்கிய காலம் முதல் 2004-இல் மறையும் வரை அங்கே பணியாற்றிய ஜான் பீல், ‘கான்’, ‘ஃபவுஸ்ட்’, ‘நோய்’ ஆகிய குழுக்களைத் தம் இரவு நிகழ்ச்சியில் ஒலிபரப்பினார். 1973-ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்று ‘டேஞ்சரின் ட்ரீம்’ குழுவின் ‘ஆட்டெம்’ என்பதைத் தேர்ந்தார். ஜெர்மனியில் நிலைகொண்டிருந்த பிரிட்டிஷ் துருப்புகளுக்கான நிலையத்திலும் அவர் நிகழ்ச்சி நடத்தினார். சிப்பாய்களுக்காக அனுப்பிய அலைகளை, அக்கம்பக்கத்து ஜெர்மன் இளைஞர்களும் பிடித்துக் கேட்டார்கள். பதிவு வேகம் மாறி இசைத்தட்டு ஓடிவிட்டால், அதையும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் அந்த மனிதரின் ஆயுதம், பாண்டித்தியத்தைவிட ஆசை என்றே சொல்லலாம்.

பீல் விரும்பிய ஜெர்மன் குழுக்களுள் ‘எஃப்.எஸ்.கே.’ என்பதைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். 1980-இல் மியூனிக் நகரத்தில், ஒரு சிறுபத்திரிகையைச் சுற்றிக் கூடிய நண்பர்கள் அமைத்த குழு அது. பவேரிய நாட்டுப்புற யோடல் கூவலையும் போல்கா தாளத்தையும், குடியேறிய ஜெர்மானியர் அமெரிக்காவில் வளர்த்த பாட்டையும், நியூயார்க், லண்டன் பாணிகளையும் கலந்து, வேண்டுமென்றே வித்தையில்லாதவர்போல் வாசித்தார்கள். பவேரியர் இது கேலியா, பக்தியா என்று விழித்தார்கள். பீல் அவர்களை லண்டனுக்கு அழைத்துத் தம் நிகழ்ச்சிக்கென்றே பலமுறை பதிவு செய்வித்தார். அக்குழுவின் தாமஸ் மைனெக்கே நாவலாசிரியரும் ஆவார். பவேரிய வானொலி 1974 முதல் நடத்திவரும் ‘ட்சுண்ட்ஃபுங்க்’ என்ற இரவு நிகழ்ச்சியில் 1985 முதல் இசைத்தட்டு வழங்கி வந்தவரும் அவரே. அதே குழுவின் மிகேலா மெலியான், நாஜிகள் காலத்து மியூனிக் வாசிகளின் நினைவுகளைக் கொண்டு அந்த வானொலியின் துணையோடு 2010-இல் அமைத்த ஒலி நினைவுச் சின்னம், ஊர் முழுவதையுமே கேட்கத்தக்க இடமாக்கிற்று. பாடுகிறவர், பாட்டைத் தேர்கிறவர், எழுதுகிறவர் ஆகிய மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்திருப்பது பொது வானொலியின் தனி விசேஷம்.

எதிர்வாதத்துக்கும் இடம் தரவேண்டும். 1980-க்குப் பின் ஜெர்மன் பாஷையிலேயே பாடும் புதிய அலை ஒன்று எழுந்தது: ‘ஃபேல்ஃபார்பன்’, ‘ஐடியால்’, பொம்மை போன்ற ஒரு காசியோ வாத்தியத்தைக் கொண்டே உலகத்தை ஆட்டிவைத்த ‘ட்ரியோ’, இரும்புத் தகட்டையும் துளையிடும் இயந்திரத்தையும் வாத்தியமாக்கிய ‘ஐன்ஸ்டுயுர்ட்செண்டே நோய்பாவ்டன்’. அந்த அலையில் கிளம்பிய நேனாவின் ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’ பாட்டு, 1984-இல் அமெரிக்காவில் இரண்டாம் இடம் பெற்றது. அதற்கென்று செய்த ஆங்கில வடிவம் பிரிட்டனில் வென்றது. அமெரிக்கர் வாங்கியதோ ஜெர்மன் மூலத்தை. அதை அங்கே முதலில் எடுத்துப் போட்டவர்களுள் முக்கியமானவர் ராட்னி பிங்கன்ஹைமர் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் அறிவிப்பாளர். அவர் வேலை செய்த நிலையமோ விளம்பரத்தால் வாழும் வர்த்தக நிலையம். ஆகவே, பொதுப்பணம் இருந்தால்தான் கண்டுபிடிப்பு நிகழும் என்பது சரியன்று. ஒருவருக்குச் சுதந்திரமான ஒரு மணி நேரம் வேண்டும், அதுவே அடிப்படை. வர்த்தக நிலையத்தில் அந்த மணி நேரம் முதலாளியின் தயவு. பொது நிலையத்தில் அதனை உரிமையென்று கேட்க முடியும். வித்தியாசம் அவ்வளவே, ஆனால் அது சிறியதன்று.

சுதந்திரமே அரிதாயிருந்த கிழக்கு ஜெர்மனியின் கதை இதனை வேறொரு பக்கத்திலிருந்து விளக்குகிறது. இசைக்கப்படுவதில் நூற்றுக்கு அறுபது பங்கு சோஷலிச நாடுகளின் ஆக்கமாக இருக்கவேண்டும் என்பது 1958 முதல் அங்குச் சட்டம். மேற்கத்திய இசைத்தட்டுகள் கடையில் அரிது. ஆயினும், அரசாங்க வானொலியே ‘டூயெட்’ என்ற நிகழ்ச்சியில் இசைத்தட்டுகளை முழுதாக ஒலிபரப்பியது. பதிவுக் கருவிக்கான சங்கீதம் என்றே அதற்கு அடைமொழி. வீட்டில் கேசட்டைப் பொருத்தி, பொத்தானில் விரலை வைத்துக் காத்திருக்கும் நேயருக்காக, அறிவிப்பாளர் முன்னதாகவே விவரம் சொல்லிவிட்டுப் பாட்டின் குறுக்கே பேசாமல் ஒதுங்கிக்கொள்வார். திருட்டுப் பதிவை அரசாங்கமே ஒழுங்காக நடத்திக்கொடுத்த இந்த விநோதம், அடக்குமுறைக்கு நடுவிலும் நிலையத்துக்குள் ரசிகர்கள் இருந்தார்கள் என்பதையே காட்டுகிறது.

1964-ஆம் ஆண்டு இளைஞர் பெருவிழாவுக்காகத் தொடங்கிய ‘டி.டி. 64’ என்னும் நிகழ்ச்சி 1986-இல் தனி நிலையமாயிற்று. அவ்வாண்டே லுட்ஸ் ஷ்ராம் என்பவர் அதில் ‘பாரோக்டிகும்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். ‘ஃபீலிங் பி’, ‘சாண்டோவ்’, ‘டி ஸ்கெப்டிகர்’ போன்ற உள்நாட்டுத் தலைமறைவுக் குழுக்கள், அதுவரை மாதா கோயில் அறைகளிலும் கொல்லைப்புறக் கொட்டகைகளிலும் வாசித்து, தாங்களாகவே பதிந்த கேசட்டுகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தன; அத்தகைய கேசட்டுகள் அரசாங்க அலைவரிசையில் ஒலித்தன. ‘ஃபீலிங் பி’யின் முதல் இசைத்தட்டு 1989-இல் அரசாங்க நிறுவனத்திலேயே வெளிவந்தது. அக்குழுவிலிருந்து கிளம்பிய மூவர் 1994-இல் ‘ராம்ஸ்டைன்’ குழுவில் சேர்ந்து, ஜெர்மன் பாஷையை உலகத்தின் பெரிய விளையாட்டரங்குகளில் முழங்கவிட்டார்கள். நாடு ஒன்றானபின் ‘டி.டி. 64’-ஐ மூடிவிட முடிவு செய்தபோது, நேயர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். கொஞ்ச காலம் உயிர்பிழைத்த அது, 1993-இல் ‘ஸ்புட்னிக்’ என்று பெயரும் குணமும் மாறிற்று. தாம் ஒழித்த அரசாங்கத்தின் வானொலிக்காக ஜனங்கள் போராடிய காட்சி சரித்திரத்தில் அடிக்கடி கிடைப்பதன்று.

மேற்கிலோ, சரிவு வேறு வழியாக வந்தது. 1984 ஜனவரியில் தனியார் ஒலிபரப்புக்கு அனுமதி பிறந்தது. பாட்டின் சில விநாடித் துண்டுகளைத் தொலைபேசியில் போட்டுக்காட்டி, தெரியுமா, பிடிக்குமா, சலித்துவிட்டதா என்று கேட்டு, விடைகளைக் கூட்டிக் கழித்துச் சில நூறு பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போடும் முறை வேரூன்றிற்று. இந்தப் பரீட்சையில் தெரிந்த பாட்டே தேறும். தெரியாத பாட்டு, தெரியாது என்ற காரணத்தாலேயே தோற்கும். தனியார் செய்ததைப் பொது நிலையங்களின் பகல்நேர அலைவரிசைகளும் பின்பற்றியது மன்னிக்கத்தக்கதன்று. போட்டிக்கு அஞ்ச அவசியமில்லாதிருக்கும் பொருட்டே அல்லவோ வீடுதோறும் கட்டணம் வசூலிக்கிறார்கள்?

இதற்குப் பரிகாரமாகச் சிலர் விகிதாசாரச் சட்டம் கேட்டார்கள். பிரான்ஸ் தேசத்தில் 1996 முதல் பாட்டில் நூற்றுக்கு நாற்பது பிரெஞ்சில் இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. இசைவாணர்களின் வேண்டுகோளுக்கிணங்க ஜெர்மன் பாராளுமன்றம் 2004 டிசம்பரில், ஜெர்மன் பாஷையிலோ ஜெர்மனியிலோ ஆக்கப்பட்ட பாட்டுகளுக்கு நூற்றுக்குச் சுமார் முப்பத்தைந்து பங்கு தருமாறு நிலையங்களைக் கேட்டுக்கொண்டது; கட்டாயமில்லை. விகிதம் பாஷையைக் காக்கலாம். அறியாததை அறியச் செய்யாது. ஏற்கெனவே பிரசித்தமான பத்துப் பேரை இன்னும் அதிகம் ஒலிபரப்பினாலே கணக்கு நேராகிவிடும். ஹாம்பர்க்கின் ‘டோகோட்ரோனிக்’, ‘ப்ளும்ஃபெல்ட்’ போன்ற, சிந்தித்துப் பாடும் குழுக்களுக்குக் கணக்கர் தயவு தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, இரவு நிகழ்ச்சியில் அவர்களை ஏன் கேட்கவேண்டும் என்று நாலு வார்த்தை சொல்லும் ஒருவர்.

அவ்விதமானவர்களை ஒரு நிலையம் முழுவதும் நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியா சாட்சி. 1967 முதல் நடந்த ‘மியூசிக்பாக்ஸ்’ நிகழ்ச்சியின் வாரிசாக 1995 ஜனவரியில் தொடங்கிய ‘எஃப்.எம். 4’, முதலில் மாலையிலும் இரவிலும் மட்டும், 2000 முதல் நாள் முழுவதும், ஆங்கிலமும் ஜெர்மனும் கலந்து ஒலிக்கிறது. ‘சவுண்ட்பார்க்’ என்ற பகுதியில் ஆஸ்திரிய இளைஞர் எவரும் தம் பதிவைச் சமர்ப்பிக்கலாம். கிரெம்ஸ்மியூன்ஸ்டர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பிறந்த ‘பில்டர்பூக்’, ஒரு சிறு வெளியீட்டகத்தின் மூலம் 2014-இல் ‘அமோரே’ இசைத்தட்டைக் கொணர்ந்த ‘வாண்டா’ முதலிய குழுக்கள், வியன்னாப் பேச்சின் இழுவையோடு பாடியே ஜெர்மனியையும் வென்றதற்கு இந்த நிலையம் பெருந்துணை. இதற்கும் குறை உண்டு: தன் செல்லப்பிள்ளைகளைச் சலிக்கச் சலிக்க ஒலிபரப்பும். ஸ்விட்சர்லாந்தில், பெர்ன் நகரத்து ‘ட்ஸூரி வெஸ்ட்’ போன்ற வட்டார வழக்குக் குழுக்களை வளர்த்ததும் பொது வானொலியே; அதன் கட்டணத்தை ஒழிக்கவேண்டும் என்ற யோசனையை 2018 மார்ச் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 71.6 பேர் நிராகரித்தார்கள்.

எல்லா நாட்டாரும் அப்படி இல்லை. பண்பலையின் கீழ்ப்பகுதியை வர்த்தகமற்ற நிலையங்களுக்கென்று ஒதுக்கிவைத்த அமெரிக்காவில், 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த பொது ஒலிபரப்பு மானியத்தைக் காங்கிரஸ் சபை 2025-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜெர்மனியிலும் ஏறத்தாழ எழுபதாயிருந்த ஏ.ஆர்.டி. வானொலி அலைவரிசைகளை 53 ஆகக் குறைக்க மாநிலங்கள் தீர்மானித்துவிட்டன. மாலை நேர நிகழ்ச்சிகளைப் பல நிலையங்களுக்குப் பொதுவாக்கும் வழக்கமும் வளர்கிறது. சிக்கனம் தேவையாயிருக்கலாம், ஆனால் வெட்டுகிற கத்தி எப்போதும் இரவு நிகழ்ச்சியின் மேலேயே முதலில் விழுகிறது. கைப்பேசிச் செயலிகள் அந்த வேலையைச் செய்துவிடும் என்கிறார்கள். செயலி நேற்று நாம் கேட்டதைப் போன்ற ஒன்றை இன்று தரும். ஐமர்ட்டின் நேயர்கள் நேற்றுக் கேட்டதற்கும் அவர் தந்ததற்கும் சம்பந்தமே இருக்கவில்லை, அந்தச் சம்பந்தமின்மையிலிருந்தே கிராஃப்ட்வெர்க் பிறந்தது. ஆகவே, அலைவரிசைகள் எத்தனை குறைந்தாலும், மனிதர் தேர்ந்து வழங்கும் அந்த இரவு மணி நேரங்களை மட்டும் தொடக்கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இவற்றைச் சோதித்தறிய விரும்பும் வாசகர் பெர்லினுக்கோ வியன்னாவுக்கோ போகவேண்டியதில்லை. ‘எஃப்.எம். 4’, பெர்லினின் ‘ரேடியோ ஐன்ஸ்’, பவேரியாவின் ‘ட்சுண்ட்ஃபுங்க்’ ஆகியவை இணையவழியே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வியன்னாவில் இரவு பத்து மணி என்பது அங்குக் கோடைகாலமாயின் நமக்கு நள்ளிரவு ஒன்றரை, குளிர்காலமாயின் இரண்டரை. கண்விழிக்க இயலாதவர்கள், ஒலிபரப்பான நிகழ்ச்சிகள் பலவற்றை அடுத்த சில நாட்களுக்கு அந்நிலையங்களின் தளங்களிலேயே பகலிலும் கேட்கலாம்.